நாடு நாடாக அலைந்த கால்பந்து மன்னர்

1956-ம் ஆண்டின் கடைசி மாதங்கள். ஐரோப்பாவில் சில பத்திரிகைகளில் ஒரு துக்கச் செய்தி வெளிவந்தது. ஹங்கேரி நாட்டின் கால்பந்து கேப்டன் புஷ்காஷ், புடாபெஸ்ட் நகரத் தெருச் சண்டையில் கொல்லப்பட்டார் என்பதே அந்தச் செய்தி.

செய்தியைப் படித்துப் பலர் கண் கலங்கினார்கள். ஆனால் அது பொய்ச் செய்தி. புஷ்காஷ் சாகவில்லை. அதற்குப் பிறகு சரியாக 50 ஆண்டுகள் வாழ்ந்தார். உலகத்தின் ஐந்து கண்டங்களிலும் பந்தாட்டம் சொல்லிக் கொடுத்தார்.

ஒரே ஒரு குறை. அந்த 50 ஆண்டுகளில் முதல் 25 ஆண்டுகள், பிறந்த ஊரில் கால் வைக்க அவரால் முடியவில்லை. ஒரு காலத்தில் எந்த நாட்டின் பெயரை உலகமெல்லாம் பரப்பினாரோ, அந்த நாடே அவருக்குக் கதவைச் சாத்தி விட்டது!

அவர் கதை இது.

சுவரைத் தட்டினால் ஆட்டம்!

ஹங்கேரியின் தலைநகரம் புடாபெஸ்ட். அந்த நகரத்தை ஒட்டியிருந்த கிஷ்பெஷ்ட் என்ற தொழிலாளர் ஊரில் வளர்ந்தவர் பெரென்ஸ் புஷ்காஷ். பிறந்தது 1927-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். குடும்பத்தின் பழைய பெயர் புர்செல்ட். அது ஜெர்மன் பெயர். தகப்பனார் அதை மாற்றி, புஷ்காஷ் என்ற ஹங்கேரியப் பெயரை வைத்துக் கொண்டார். அந்தச் சொல்லுக்குத் துப்பாக்கிக்காரன் என்று பொருள். மகனுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தமாக அமையப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

தகப்பனாரும் பந்தாட்டக்காரர்தான். கிஷ்பெஷ்ட் கோஷ்டியில் ஆடினார். பிறகு அதே கோஷ்டிக்குப் பயிற்சி கொடுத்தார். வீட்டில் வசதி இல்லை. நல்ல தோல் பந்து வாங்கப் பணம் ஏது? தெருப் பையன்கள் கிழிந்த துணியைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி உதைத்தார்கள். துணிப் பந்து தோல் பந்தைப் போல் துள்ளி எழாது. காலோடு ஒட்டி வைத்துத்தான் ஆட வேண்டும். அந்தப் பழக்கம் புஷ்காஷின் காலை விட்டுக் கடைசி வரை போகவில்லை.

அடுத்த வீட்டில் ஒரு பையன். பெயர் யோசெப் போஷிக். புஷ்காஷைவிட ஒன்றரை வயது பெரியவன். இரண்டு பேரும் இணை பிரியாத சிநேகிதர்கள். ஒருவன் தன் வீட்டுச் சுவரைத் தட்டுவான். உடனே மற்றவன் வெளியே ஓடி வருவான். ஆட்டத்துக்கு வா என்பதற்கு அதுதான் அடையாளம். சுவர் தட்டும் சத்தம் கேட்டால் பாடமாவது, வேலையாவது!

கிஷ்பெஷ்ட் கோஷ்டியின் சிறுவர் பிரிவில் சேர 12 வயது ஆகியிருக்க வேண்டும். புஷ்காஷுக்கு அந்த வயது ஆகவில்லை. ஆனாலும் பையன் ஆட்டம் அபாரம். என்ன செய்வது? மிக்லோஷ் கோவாச் என்று வேறு பெயர் எழுதிச் சேர்த்து விட்டார்கள். வயது ஆனதும் சொந்தப் பெயருக்குத் திரும்பினான்.

1943-ம் ஆண்டு, 16 வயதில், பெரியவர்களின் கோஷ்டியில் முதல் ஆட்டம். 1945-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், 18 வயதில், ஹங்கேரி நாட்டுக்காக முதல் ஆட்டம். உலக யுத்தம் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. புடாபெஸ்ட் நகரம் இடிந்து கிடந்தது. அந்த நகரில் நடந்த ஆட்டத்தில் ஆஸ்திரியாவை 5-2 என்று ஹங்கேரி வென்றது. புதுப் பையன் புஷ்காஷும் ஒரு கோல் போட்டான்.

ஊரார் அவனுக்கு வைத்த செல்லப் பெயர் ஓச்சி. அதற்கு நம் மொழியில் தம்பி என்று பொருள். தலை நரைத்த பிறகும் அவர் ஹங்கேரி மக்களுக்குத் தம்பியாகவே இருந்தார்.

இடது கால்

புஷ்காஷைப் பார்த்தால் பந்தாட்ட வீரர் என்றே தோன்றாது. குட்டை உருவம். வயதாக ஆகத் தொந்தியும் விழுந்தது. தலையால் பந்தை முட்டுவதில் கெட்டிக்காரர் அல்ல. வலது காலை அவர் பெரும்பாலும் நிற்பதற்குத்தான் வைத்துக் கொண்டார். எல்லா வேலையும் இடது காலுக்குத்தான்!

ஆனால் அந்த இடது கால் சாமானியமானது அல்ல. எந்தக் கோணத்தில் நின்றாலும் கோலுக்கு வழி கண்டு பிடித்து விடும். பந்து எங்கே வரும், எதிரி எங்கே நகருவான் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். ஹங்கேரிக்காக ஆடிய 85 ஆட்டங்களில் 84 கோல்கள் போட்டார். ஏறக்குறைய ஆட்டத்துக்கு ஒரு கோல்!

1949-ம் ஆண்டு கிஷ்பெஷ்ட் கோஷ்டியைச் சர்க்கார் எடுத்துக் கொண்டது. ஹங்கேரியில் அப்போது கம்யூனிஸ்டு ஆட்சி. கோஷ்டி ராணுவ இலாகாவின் கைக்குப் போனது. பெயரும் ஹான்வெத் என்று மாறியது. தாய்நாட்டைக் காப்பவன் என்பது அதன் பொருள். ஆட்டக்காரர்களுக்கு ராணுவப் பதவிகள் கொடுக்கப்பட்டன. புஷ்காஷ் மேஜர் ஆனார். அவர் துப்பாக்கி பிடித்து யுத்தம் செய்ததில்லை. ஆனாலும் வெளிநாட்டுப் பத்திரிகைகள் அவருக்குப் பாய்ந்தோடும் மேஜர் என்று பட்டம் சூட்டின.

நாட்டில் பஞ்சம். கடைகளில் சாமான் கிடைக்காது. வெளிநாடு போய் ஆடித் திரும்பும் வீரர்கள் பெட்டி நிறையச் சாமான்கள் கொண்டு வருவார்கள். சுங்கச் சாவடியில் யாரும் பெட்டியைத் திறக்கச் சொல்ல மாட்டார்கள். ஜெயித்து விட்டு வருகிற பிள்ளைகள் ஆயிற்றே! இது சரியா, தவறா? தவறுதான். ஆனால் சர்க்காருக்கும் இது தெரியும். ஜெயிக்கிற வரை கண்ணை மூடிக் கொண்டது.

1952-ம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்தில் ஹங்கேரி தங்கப் பதக்கம் பெற்றது. இறுதி ஆட்டத்தில் யூகோஸ்லாவியாவை 2-0 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் புஷ்காஷுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அதை வீணாக்கி விட்டார். பிறகு முதல் கோலை அவரே போட்டு அந்தப் பழியைத் துடைத்துக் கொண்டார்.

வெம்பிளியில் நடந்த அதிசயம்

இங்கிலாந்துதான் கால்பந்துக்குத் தாய்நாடு. விதிகளை எழுதியவர்கள் அவர்கள். ஐரோப்பாக் கண்டத்திலிருந்து எந்த நாடு வந்தாலும், சொந்த மண்ணில் இங்கிலாந்து அதனிடம் தோற்றதே கிடையாது. 1953-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி ஹங்கேரி கோஷ்டி லண்டனுக்கு வந்தது. வெம்பிளி மைதானத்தில் 1 லட்சத்து 5 ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கும் முன் புஷ்காஷ் மைதானத்தின் நடுவில் நின்று, பந்தைத் தரையில் விழாமல் காலால் தட்டித் தட்டி விளையாடிக் கொண்டிருந்தார். அவருடைய தொந்தியைப் பார்த்து இங்கிலாந்து வீரர்களில் ஒருவர் கேலி செய்தார் என்று ஒரு கதை உண்டு.

கேலி நெடுநேரம் நீடிக்கவில்லை. முதல் நிமிஷத்திலேயே ஹிடெக்குட்டி ஒரு கோல் போட்டார். இங்கிலாந்து ஒரு கோல் திருப்பியது. ஹங்கேரி மீண்டும் ஒன்று போட்டது. பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது.

கோலுக்குப் பக்கத்தில் புஷ்காஷிடம் பந்து வந்தது. இங்கிலாந்து கேப்டன் பில்லி ரைட் பாய்ந்து வந்தார். பெரிய வீரர். பந்தைப் பறிக்கச் சறுக்கிக் கொண்டு காலை நீட்டினார். புஷ்காஷ் பூட்சின் அடியால் பந்தைப் பின்னுக்கு இழுத்தார். அவ்வளவுதான். ரைட் பந்து இல்லாத இடத்தில் சறுக்கிக் கொண்டு போய் விட்டார். மறுகணம் பந்து கோலுக்குள்!

இன்று பள்ளிக்கூடப் பையன்கள்கூட அந்த இழுப்பைச் செய்கிறார்கள். அன்று லட்சம் பேர் வாயைப் பிளந்தார்கள்.

முடிவு 6-3. ஹிடெக்குட்டி மூன்று, புஷ்காஷ் இரண்டு, போஷிக் ஒன்று. ஆம், சுவர் தட்டிய அதே போஷிக்தான்! கிஷ்பெஷ்ட் தெருவில் கந்தைப் பந்து உதைத்த இரண்டு பையன்களும் சேர்ந்து வெம்பிளியை ஆட்டி வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து இங்கிலாந்து பழி வாங்கப் புடாபெஸ்டுக்கு வந்தது. 7-1 என்று தோற்றுத் திரும்பியது.

பெர்ன் நகரில் மழை

1954-ம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் உலகக் கோப்பைப் பந்தயம். ஹங்கேரி நான்கு ஆண்டுகளாகத் தோல்வியையே அறியாமல் வந்திருந்தது. கோப்பை அவர்களுக்குத்தான் என்று உலகமே பேசியது.

தென் கொரியாவுக்கு எதிராக 9 கோல். மேற்கு ஜெர்மனிக்கு எதிராக 8 கோல். ஆனால் அந்த ஜெர்மனி ஆட்டத்தில் ஒரு விபத்து. ஜெர்மன் வீரர் லீப்ரிஷின் உதை புஷ்காஷின் கணுக்காலில் விழுந்தது. கால் வீங்கி விட்டது. அடுத்த இரண்டு ஆட்டங்களில் அவர் இல்லை. அவர் இல்லாமலே பிரேசிலையும் உருகுவேயையும் ஹங்கேரி வென்றது.

ஜூலை 4-ந் தேதி, பெர்ன் நகரில் இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் மேற்கு ஜெர்மனி. புஷ்காஷின் கால் முழுவதும் குணமாகவில்லை. ஆடலாமா, கூடாதா? ஆடுவேன் என்று நின்றார். இன்று வரை ஹங்கேரியில் அதைப் பற்றித் தர்க்கம் ஓயவில்லை.

நல்ல மழை. தரை சேறு. ஆறாவது நிமிஷம் புஷ்காஷ் கோல். எட்டாவது நிமிஷம் சிபோர் கோல். 2-0. ஆட்டம் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். பத்தே நிமிஷத்தில் ஜெர்மனி இரண்டு கோலையும் திருப்பி விட்டது. ஹங்கேரி மோதிக் கொண்டே இருந்தது. பந்து கம்பத்தில் பட்டது. கோல்கீப்பர் டூரெக் கையில் பட்டது. உள்ளே மட்டும் போகவில்லை. 84-வது நிமிஷம் ஜெர்மனியின் ரான் ஒரு கோல் அடித்தார். 3-2.

கடைசி நிமிஷங்களில் புஷ்காஷ் ஒரு கோல் போட்டார். ஹங்கேரியர்கள் கட்டித் தழுவிக் கொண்டார்கள். ஆனால் எல்லைக்கோட்டு நடுவரின் கொடி உயர்ந்திருந்தது. ஆப்சைட்! கோல் இல்லை.

நான்கு ஆண்டுகளில் தோற்றது ஒரே ஆட்டம். அதுவும் தோற்கக் கூடாத ஆட்டம்.

புடாபெஸ்டில் ஜனங்கள் தெருவில் திரண்டு கூச்சலிட்டார்கள். ஆத்திரம் ஆட்டக்காரர்கள் மீது மட்டும் அல்ல. வாயைத் திறந்து சர்க்காரைக் குறை சொல்ல முடியாத நாட்டில், பந்தாட்டத்தின் பெயரால் மனக்கொதிப்பு வெளிவந்தது. நேற்று வரை தம்பி என்று கொஞ்சிய மைதானங்களில் புஷ்காஷைப் பார்த்துச் சிலர் ஊளையிட்டார்கள்.

வீடு திரும்பாத பயணம்

1956-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி புடாபெஸ்டில் புரட்சி வெடித்தது. நவம்பர் 4-ந் தேதி ருஷ்ய டாங்கிகள் நகருக்குள் புகுந்து அதை நசுக்கின. ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். சுமார் 2 லட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினார்கள்.

அந்தச் சமயத்தில் ஹான்வெத் கோஷ்டி ஐரோப்பியக் கோப்பைக்காக ஸ்பெயின் நாட்டின் பில்பாவோ கோஷ்டியுடன் ஆட வேண்டியிருந்தது. வீரர்கள் வெளிநாடு புறப்பட்டார்கள். பில்பாவோவில் 3-2 என்று தோல்வி. பதில் ஆட்டத்தைப் புடாபெஸ்டில் நடத்த முடியுமா? குண்டு முழங்கும் ஊரில் பந்தாட்டமா? பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடத்தினார்கள். பாதி ஆட்டத்தில் கோல்கீப்பர் அடிபட்டு விழுந்தார். மாற்று ஆள் இறக்க அன்று விதி இல்லை. முன்வரிசை வீரர் சிபோர் கோலைக் காத்தார். 3-3 என்று முடிந்தது. ஹான்வெத் வெளியேறியது.

புஷ்காஷுக்கு அப்போது பந்தைவிடப் பெரிய கவலை. மனைவி எர்ஷெபெத்தும் நான்கு வயது மகள் அனிகோவும் ஹங்கேரியில் இருந்தார்கள். அந்தப் பெண்மணி குழந்தையுடன் கால்நடையாகவே எல்லையைத் தாண்டி ஆஸ்திரியா வந்து சேர்ந்தார். கோல் போட்ட வீரரின் புகழை எழுதுகிறோம். பச்சைக் குழந்தையோடு எல்லை கடந்த அந்தத் தாயின் தைரியம் அதற்குக் குறைந்ததா?

தாய்நாட்டுக் கால்பந்துச் சங்கம் திரும்பி வரும்படி உத்தரவிட்டது. வீரர்கள் உத்தரவை மீறிப் பிரேசில் நாட்டுக்குப் போய்ச் சில ஆட்டங்கள் ஆடினார்கள். பிறகு வியன்னா நகரில் கூடினார்கள். இனி என்ன? ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவு செய்ய வேண்டிய நேரம் வந்து விட்டது.

போஷிக் ஊர் திரும்பினார். புஷ்காஷ், கோச்சிஷ், சிபோர் மூவரும் திரும்பவில்லை. அடுத்தடுத்த வீட்டுச் சிநேகிதர்கள் அங்கே பிரிந்தார்கள். இருவரில் யார் செய்தது சரி என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவரவர் வீட்டுக் கஷ்டம் அவரவருக்குத்தான் தெரியும்.

ஹங்கேரி சர்க்கார் புஷ்காஷை ஓடிப் போனவர் என்று முத்திரை குத்தியது. ராணுவப் பதவி உள்ளவர் ஓடிப் போனால் சும்மா விடுவார்களா? திரும்பினால் தண்டனை நிச்சயம். ஹங்கேரி கேட்டுக் கொண்டபடி உலகக் கால்பந்துச் சங்கமும் ஆடத் தடை விதித்தது. ஏறக்குறைய ஒன்றரை வருஷம் ஆஸ்திரியாவிலும் இத்தாலியிலும் ஆட்டம் இல்லாமல் காலம் கழித்தார். சாப்பாட்டுப் பிரியர். உடம்பு ஏறக்குறைய 18 கிலோ கூடி விட்டது. வயது 31. இவர் கதை முடிந்தது என்று எல்லோரும் கையைக் கழுவி விட்டார்கள்.

மாட்ரிட்டில் மறுபிறவி

ஹான்வெத் கோஷ்டியின் நிர்வாகியாக இருந்த ஆஸ்ட்ரைஷர் என்பவர் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கோஷ்டியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். தலைவர் பெர்னபேயுவிடம் பழைய சிநேகிதரைப் பற்றிச் சொன்னார். 1958-ம் ஆண்டு புஷ்காஷை மாட்ரிட் எடுத்துக் கொண்டது. உருண்டையாக வந்து நின்றவரைப் பார்த்துப் பயிற்சியாளர் திகைத்துப் போனார் என்பார்கள்.

புஷ்காஷ் வாயைக் கட்டினார். தினமும் ஓடினார். வியர்வை சிந்தினார். சில வாரங்களில் உடம்பு இறங்கியது. பழைய இடது கால் திரும்பி வந்தது!

மாட்ரிட்டில் அப்போது ராஜா டி ஸ்டெபானோ. அர்ஜென்டினாவில் பிறந்தவர். இன்னொரு பெரிய ஆள் பக்கத்தில் நிற்பதைச் சுலபத்தில் சகிக்க மாட்டார் என்று பெயர். முதல் வருஷக் கடைசியில் அதிக கோல் யாருக்கு என்ற போட்டியில் இருவரும் சமமாக இருந்தார்களாம். கடைசி ஆட்டத்தில் கோல் போடப் புஷ்காஷுக்கு வாய்ப்பு வந்தது. அவர் தான் போடாமல் பந்தை டி ஸ்டெபானோவிடம் தள்ளினாராம். அன்று முதல் இருவரும் உயிர்ச் சிநேகிதர்கள் ஆனார்கள் என்று சொல்வது வழக்கம். புகுந்த வீட்டில் நடந்து கொள்ளும் முறை தெரிந்தவர்!

1960-ம் ஆண்டு மே 18-ந் தேதி. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரே ஜெர்மனியின் பிராங்க்பர்ட் கோஷ்டி. இந்த ஆட்டம் நடப்பதே சந்தேகமாக இருந்தது. 1954-ல் ஜெர்மன் வீரர்கள் மருந்து சாப்பிட்டு ஆடினார்கள் என்று புஷ்காஷ் முன்பு ஒரு பத்திரிகையில் சொல்லியிருந்தார். அதனால் அவர் இருக்கும் கோஷ்டியுடன் ஆடக் கூடாது என்று ஜெர்மன் சங்கம் தடை போட்டிருந்தது. புஷ்காஷ் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பிறகே ஆட்டம் நடந்தது.

1 லட்சத்து 27 ஆயிரம் பேர் பார்த்தார்கள். முதல் கோல் ஜெர்மானியருக்கு. பிறகு மாட்ரிட் விசுவரூபம் எடுத்தது. டி ஸ்டெபானோ 3 கோல். புஷ்காஷ் 4 கோல்! 7-3 என்று கோப்பை மாட்ரிட்டுக்கு. அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் 4 கோல் போட்டவர் அவர் ஒருவர்தான். 2 ஆண்டு கழித்து இன்னோர் இறுதி ஆட்டத்தில் 3 கோல் போட்டார். ஆனால் அன்று போர்ச்சுகலின் பென்பிகா 5-3 என்று ஜெயித்து விட்டது.

ஸ்பெயின் லீக் ஆட்டங்களில் மட்டும் 180 ஆட்டங்களில் 156 கோல். நான்கு முறை அதிக கோல் போட்டவர் என்ற விருது. ஸ்பெயின் ஜனங்கள் அவரைச் சிறு பீரங்கி என்று அழைத்தார்கள். துப்பாக்கிக்காரர் பீரங்கி ஆகி விட்டார்! இத்தனையும் 31 வயதுக்கு மேல்.

ஸ்பெயின் பிரஜையாகி, 1962-ம் ஆண்டு உலகக் கோப்பையில் அந்த நாட்டுக்காக ஆடினார். ஆனால் ஸ்பெயினுக்காக ஆடிய நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. 84 கோல் போட்ட கால் அந்தச் சட்டையில் மட்டும் மௌனமாகி விட்டது.

மூட்டை முடிச்சுடன்

1966-ல் ஆடுவதை நிறுத்தினார். வயது 39. கையில் காசு நிற்காத மனிதர். கேட்டவருக்குக் கொடுத்தார். வியாபாரத்தில் சாமர்த்தியம் போதாது. தெரிந்த தொழில் ஒன்றுதான். பயிற்சியாளர் ஆனார்.

சொந்த நாட்டில் வேலை இல்லை. ஆகவே கூப்பிட்ட நாட்டுக்கெல்லாம் போனார். ஸ்பெயினில் சிறிய கோஷ்டிகள். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ. கனடாவில் வான்கூவர். எங்கும் நிலைக்கவில்லை.

1970-ல் கிரீஸ் நாட்டின் பனத்தினாயிகோஸ் கோஷ்டி கூப்பிட்டது. ஏதன்ஸ் நகரத்துக் கோஷ்டி. ஐரோப்பியக் கோப்பையில் அதுவரை பெரிதாகச் சாதித்தது இல்லை. புஷ்காஷ் வந்தார். காலிறுதியில் இங்கிலாந்தின் எவர்ட்டன் வெளியேறியது. அரை இறுதியில் பெல்கிரேடு நகரின் சிவப்பு நட்சத்திரக் கோஷ்டி. அங்கே போய் 4-1 என்று தோற்றார்கள். சரி, தீர்ந்தது என்றார்கள். ஏதன்ஸில் 3-0 என்று திருப்பி அடித்தார்கள்! மொத்தத்தில் 4-4. வெளியூரில் போட்ட கோலுக்கு மதிப்பு அதிகம் என்பது அன்றைய விதி. பெல்கிரேடில் போட்ட அந்த ஒரு கோல் கிரேக்கரைக் கரை சேர்த்தது.

இறுதி ஆட்டம் எங்கே தெரியுமா? வெம்பிளியில்! 1971-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி, 18 ஆண்டுகளுக்கு முன் பந்தைப் பின்னுக்கு இழுத்த அதே மைதானத்தில் பயிற்சியாளராக வந்து உட்கார்ந்தார். எதிரே ஹாலந்தின் அயாக்ஸ் கோஷ்டி. அதில் குரைப் என்ற இளைஞர் புயலாக ஆடினார். 2-0 என்று அயாக்ஸ் ஜெயித்தது. தோற்றாலும் ஏதன்ஸ் நகரம் புஷ்காஷை மறக்கவில்லை. ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை வந்த கிரேக்கக் கோஷ்டி அது ஒன்றுதான்.

பிறகும் பயணம் ஓயவில்லை. தென் அமெரிக்காவில் சிலி. பாலைவன நாடான சவூதி அரேபியா. மறுபடியும் ஏதன்ஸ். எகிப்து நாட்டின் போர்ட் சயீத் நகரத்து மாஸ்ரி கோஷ்டி. பராகுவே நாட்டில் இரண்டு கோஷ்டிகள். ஒவ்வொரு ஊரிலும் புது மொழி, புதுச் சாப்பாடு, புது வெயில்.

பயிற்சியாளராக அவர் பெரிய சூத்திரக்காரர் அல்ல. கரும்பலகையில் கோடு போட்டு விளக்குவது அவர் வழி அல்ல. எதிரி மூன்று கோல் போட்டால் நாம் நான்கு போடுவோம் என்பதே அவருடைய சித்தாந்தம். சில ஊர்களில் அது பலித்தது. பல ஊர்களில் பலிக்கவில்லை. ஆட்டக்காரராக அவர் இருந்த உயரத்துக்குப் பயிற்சியாளராக ஏறவில்லை என்பதை ஒப்புக் கொள்ளத்தான் வேண்டும்.

சுவருக்கு அப்பால் யாரும் இல்லை

1981-ம் ஆண்டு ஜூன் மாதம். ஹங்கேரியில் காற்று சற்று மாறியிருந்தது. உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்காக இங்கிலாந்து கோஷ்டி புடாபெஸ்டுக்கு வந்தது. அதற்கு முன்னால் பழைய ஆட்டக்காரர்களின் ஆட்டம் ஒன்று. அதில் ஆட வரலாம் என்று புஷ்காஷுக்கு அழைப்பு.

25 ஆண்டுகள் கழித்துச் சொந்த மண். வயது 54. வயிறு முன்னைவிடப் பெருத்திருந்தது. மைதானத்தில் இறங்கியதும் ஜனங்கள் எழுந்து ஆரவாரம் செய்தார்கள். அவரை நேரில் பார்த்திராத இளைஞர்களும் கை தட்டினார்கள். 25 ஆண்டுகளாகச் சர்க்கார் அழிக்கப் பார்த்த பெயரை, வீட்டுக்கு வீடு தகப்பன்மார் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஆனால் பார்க்க வேண்டிய ஒருவர் அங்கே இல்லை. போஷிக் 1978-ம் ஆண்டு மே மாதமே காலமாகி விட்டார். புஷ்காஷ் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு.

மெல்போர்ன் நகரத்துக் கார் ஓட்டி

1989-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்குப் போனார். அங்கே பிழைக்க வந்த கிரேக்கர்கள் அமைத்த தெற்கு மெல்போர்ன் கோஷ்டிக்குப் பயிற்சியாளர். இங்கிலீஷ் அதிகம் வராது. ஆனால் ஏதன்ஸில் இருந்தபோது கற்ற கிரேக்க மொழி கை கொடுத்தது.

கோஷ்டியின் கேப்டன் ஏஞ்ச் போஸ்டகோக்லூ என்ற இளைஞர். கிரீஸில் பிறந்தவர். புஷ்காஷை வீட்டிலிருந்து மைதானத்துக்குக் காரில் அழைத்துப் போவார். மறுபடி கொண்டு வந்து விடுவார். அவர் கிரேக்க மொழியில் சொல்வதை மற்றவர்களுக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொல்வார். போகும் வழியெல்லாம் பந்தாட்டப் பேச்சு. உலகம் சுற்றிய கிழவரிடம் பாடம் கேட்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் உண்டா?

1991-ல் அந்தக் கோஷ்டி ஆஸ்திரேலிய சாம்பியன் ஆனது. இறுதி ஆட்டம் சமமாக முடிந்து, பெனால்டி உதைகளில் முடிவானது. கார் ஓட்டிய கேப்டன் பிறகு தானும் பயிற்சியாளர் ஆனார். கோல் போடு, பின்வாங்காதே என்ற அதே வழியில் ஆடச் செய்தார். 2025-ல் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கோஷ்டிக்கு யூரோப்பா லீக் கோப்பையைப் பெற்றுத் தந்தார்.

தம்பி வீடு திரும்பினார்

கம்யூனிஸ்டு ஆட்சி முடிந்த பிறகு, 1990-களின் தொடக்கத்தில் புஷ்காஷ் புடாபெஸ்டிலேயே குடியேறினார். 1993-ல் சில காலம் ஹங்கேரி நாட்டுக் கோஷ்டிக்கே பயிற்சியாளர் ஆனார். நான்கு ஆட்டங்கள். ஒன்றில்தான் வெற்றி. ஆனால் அந்த நாற்காலியில் உட்காரக் கிடைத்ததே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

2000-ம் ஆண்டு வாக்கில் மறதி நோய் அவரைப் பிடித்தது. சிறிது சிறிதாக நினைவு போயிற்று. சிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டது. 2005-ல் ரியல் மாட்ரிட் கோஷ்டி புடாபெஸ்டுக்கு வந்து அவருக்கு உதவியாக ஓர் ஆட்டம் ஆடியது. அதற்குள் நாட்டின் பெரிய மைதானத்துக்குச் சர்க்கார் அவர் பெயரைச் சூட்டியிருந்தது. ஓடிப் போனவர் என்று ஒரு காலத்தில் சொன்ன அதே நாடு!

2006-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி, 79-வது வயதில், புடாபெஸ்டில் காலமானார். டிசம்பர் 9-ந் தேதி அரசாங்க மரியாதையுடன் இறுதி ஊர்வலம் நடந்தது. நகரத்தின் பெரிய மாதா கோயில்களில் ஒன்றான செயின்ட் ஸ்டீபன் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

2009 முதல், உலகத்தில் அந்த ஆண்டு போடப்பட்ட மிக அழகான கோலுக்கு அவர் பெயரால் பரிசு வழங்கப்படுகிறது. அவர் பெயர் தாங்கிய பழைய மைதானத்தை இடித்து விட்டுக் கட்டிய புதிய மைதானம் 2019-ல் திறக்கப்பட்டது. அதற்கும் அவர் பெயர்தான். கிஷ்பெஷ்டில், இரண்டு பையன்களும் ஆடத் தொடங்கிய கோஷ்டியின் மைதானத்துக்குப் போஷிக்கின் பெயர் வைத்திருக்கிறார்கள்.